இதயத்துக்கு எந்த ரத்தப் பரிசோதனை? லிப்பிட், அபோபி, எல்பி(ஏ), சிஆர்பி: ஓர் ஒப்பீடு

"அக்கா, மூணு பேக்கேஜ் போட்டிருக்காங்க. நான் எதை எடுக்கட்டும்?" என்று ஒருவர் போனை என் பக்கம் திருப்பினார். வயது 42. விசைத்தறி ஓட்டுகிறவர். அப்பா 49 வயதில் மாரடைப்பில் போய்விட்டார். அந்த வயது தனக்கும் நெருங்குகிறதே என்ற பயத்தில் வந்திருந்தார். போனில் சில்வர், கோல்டு, பிளாட்டினம் என்று மூன்று கட்டங்கள். கடைசிக் கட்டத்தில் இதயத்துக்கென்றே பதினோரு பரிசோதனைகள்.

நான் லேப் டெக்னீஷியன். 19 வருடமாக ரத்தம் எடுக்கிறேன். வாரத்துக்கு நாலு பேராவது இதே கேள்வியைக் கேட்கிறார்கள். ஊசி குத்தி எடுக்கிற இரண்டு நிமிடத்தில் இதற்குப் பதில் சொல்லி முடிக்க முடிவதில்லை. அதனால் இங்கே விரிவாக எழுதுகிறேன். மருந்தைத் தொடங்குவது, நிறுத்துவது, அளவை மாற்றுவது எல்லாம் உங்கள் டாக்டரின் வேலை. ஆனால் எந்தப் பரிசோதனைக்குக் காசு கொடுப்பது என்று நீங்களே யோசித்து முடிவெடுக்கலாம்.

## எதை வைத்து எடை போடுவது?

எந்தப் பரிசோதனையின் பெயரைச் சொன்னாலும் நான் நாலு கேள்வி கேட்டுப் பார்ப்பேன்.

முதல் கேள்வி: அந்தப் பொருள் அடைப்பை உண்டாக்குகிறதா, அல்லது அடைப்பு இருப்பவர்களிடம் கூடவோ குறையவோ தெரிகிற அடையாளம் மட்டும்தானா? இந்த வித்தியாசம் பெரியது. எச்டிஎல் என்ற கொலஸ்ட்ரால் வகையையே எடுத்துக்கொள்ளுங்கள். அது குறைந்தவர்களுக்கு மாரடைப்பு அதிகம் என்பது பல வருடமாகத் தெரியும். அதனால் 'நல்ல கொழுப்பு' என்று பெயர் வைத்தோம். டார்செட்ராபிப் என்ற மாத்திரை அந்த எச்டிஎல்லை நன்றாகவே ஏற்றிக் காட்டியது. ஆனால் அதைச் சாப்பிட்டவர்களிடம் மரணம் கூடியதால் 2006 டிசம்பரில் ஆய்வைப் பாதியில் நிறுத்திவிட்டார்கள். எண் ஏறியதே தவிர, இதயத்துக்கு நன்மை கிடைக்கவில்லை.

இரண்டாவது: முடிவு வந்தபின் நீங்களோ டாக்டரோ செய்வதில் ஏதாவது மாறுமா? மூன்றாவது: அந்த எண் நிலையாக நிற்குமா, ஒரு ஜலதோஷத்துக்கே ஆடிப்போகுமா? நாலாவது: அந்தப் பரிசோதனைக்குப் பின்னால் வரிசையாக வரும் செலவு என்ன? மறுபடி எடுப்பது, ஸ்கேன், டாக்டர் ஃபீஸ், ராத்தூக்கம் எல்லாம் இந்தக் கணக்கில் சேரும்.

இந்த நாலையும் வைத்துப் பார்த்தால் இப்படி வருகிறது:

| பரிசோதனை | அடைப்புக்குக் காரணமா? | எத்தனை முறை? | எதனால் தவறாகக் காட்டலாம்? | யாருக்கு மிகவும் பயன்? |
|---|---|---|---|---|
| லிப்பிட் ப்ரொஃபைல் (எல்டிஎல், நான்-எச்டிஎல்) | ஆம் | அவ்வப்போது. மருந்து தொடங்கினால் 4–12 வாரத்தில் மறுபடி | தைராய்டு குறைவு, கர்ப்பம், சமீபத்திய மாரடைப்பு | எல்லோருக்கும் |
| அபோபி | ஆம் | தேவைப்படும்போது | மேலே சொன்னவையே | சர்க்கரை, தொப்பை, ட்ரைகிளிசரைடு ஏற்றம் உள்ளவர்களுக்கு |
| எல்பி(ஏ) | ஆம் | பொதுவாக வாழ்நாளில் ஒருமுறை | அளவீட்டு அலகுக் குழப்பம் | குடும்பத்தில் இளவயது மாரடைப்பு உள்ளவர்களுக்கு முதலில் |
| எச்எஸ்-சிஆர்பி | அடையாளம்தான் | இரண்டு வார இடைவெளியில் இருமுறை | காய்ச்சல், ஈறு வீக்கம், மூட்டுவாதம், எந்தக் காயமும் | மாத்திரை வேண்டுமா வேண்டாமா என்று நடுவில் நிற்பவர்களுக்கு |
| ஹோமோசிஸ்டீன் | குறைத்தும் மாரடைப்பு குறையவில்லை | – | பி12 குறைவு, சிறுநீரகக் கோளாறு | இதயத்துக்காக என்றால் பெரும்பாலும் தேவையில்லை |

## லிப்பிட் ப்ரொஃபைல்: கையில் இருப்பதை முதலில் படியுங்கள்

ரத்தத்தில் உள்ள கொழுப்பு வகைகளை அளக்கும் இது, சில நூறு ரூபாயில் முடிகிற பரிசோதனை. ஊரில் எந்த லேபிலும் கிடைக்கும். 'கெட்ட கொழுப்பு' என்று சொல்லும் எல்டிஎல் அடைப்பை உண்டாக்குகிறது என்பதில் இன்று சந்தேகத்துக்கு இடமில்லை. பிறவியிலேயே எல்டிஎல்லை ரத்தத்திலிருந்து இழுத்தெடுக்கும் ஏற்பி பழுதான குழந்தைகள் இருக்கிறார்கள். தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் அந்தப் பழுது வந்துவிட்டால் பத்துப் பன்னிரண்டு வயதிலேயே மாரடைப்பு வரலாம். அந்த ஏற்பியைக் கண்டுபிடித்த பிரவுன், கோல்ட்ஸ்டீன் இருவருக்கும் 1985இல் நோபல் பரிசு கிடைத்தது. எல்டிஎல்லைக் குறைத்தால் மாரடைப்பு குறைகிறது என்பதையும் பல மருந்து ஆய்வுகள் காட்டிவிட்டன.

சிக்கல் நாம் ரிப்போர்ட் படிக்கிற விதத்தில்தான். கண் நேராக மொத்தக் கொலஸ்ட்ரால் 200க்குக் கீழே இருக்கிறதா என்று பார்க்கும். அப்புறம் எல்டிஎல் பக்கம் போகும். அங்கே தடித்த எழுத்து இல்லையென்றால் தாளை மடித்துப் பைக்குள் வைத்துவிடுவோம்.

இந்த ரிப்போர்ட்டைப் பாருங்கள். மொத்தக் கொலஸ்ட்ரால் 182, எச்டிஎல் 31, ட்ரைகிளிசரைடு (இன்னொரு வகை ரத்தக் கொழுப்பு) 280, எல்டிஎல் 95. மொத்தம் நார்மல், எல்டிஎல்லும் 100க்குள். ஆனால் இந்த 95ஐப் பல லேப்களில் நேராக அளப்பதில்லை. 1972இல் வந்த ஃப்ரீடுவால்டு சூத்திரத்தில் போட்டுக் கணக்கிடுகிறோம். மொத்தத்திலிருந்து எச்டிஎல்லைக் கழித்து, ட்ரைகிளிசரைடை ஐந்தால் வகுத்து அதையும் கழிக்க வேண்டும். 182இல் 31 போனால் 151, அதில் 56 போனால் 95. ட்ரைகிளிசரைடு ஏற ஏற இந்தக் கணக்கு தடுமாறும். 400ஐத் தாண்டினால் அந்தச் சூத்திரத்தையே பயன்படுத்தக் கூடாது.

இப்போது அந்த 151ஐப் பாருங்கள். அதுதான் நான்-எச்டிஎல். ரத்தக்குழாய்ச் சுவரில் போய்ப் படியக்கூடிய எல்லாத் துகள்களிலும் உள்ள கொலஸ்ட்ரால் மொத்தமும் அந்த எண்ணில் இருக்கிறது. இந்திய இதயநோய் மருத்துவர் சங்கம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, ஆபத்து குறைவாக உள்ளவர்களுக்கே இது 130க்குக் கீழே இருக்க வேண்டும். சர்க்கரையோ பிரஷரோ இருந்து ஆபத்து கூடியவர்களுக்கு 100க்குக் கீழே, ஏற்கெனவே மாரடைப்பு வந்தவர்களுக்கு 85க்குக் கீழே. (எல்டிஎல் இலக்குகள் முறையே 100, 70, 55.) 'நார்மல்' என்று மடித்து வைத்த அதே தாளில் 21 புள்ளி கூடுதலாக ஒளிந்திருக்கிறது. இதைக் கண்டுபிடிக்க ஒரு ரூபாய்கூடச் செலவில்லை, ஒரு கழித்தல் கணக்குப் போதும்.

லேபில் நான் தினமும் பார்க்கிற ஒன்றைச் சொல்கிறேன். ரத்த டியூபை சென்ட்ரிஃப்யூஜில் சுற்றி எடுத்தால் செல்கள் அடியில் தங்கி, மேலே சீரம் தெளிவான வைக்கோல் நிறத்தில் நிற்கும். ட்ரைகிளிசரைடு 600, 700 என்று ஏறியவரின் சீரம் பால் கலந்த மாதிரி வெளுத்திருக்கும், டியூபின் மறுபக்கம் விரலை வைத்தால் தெரியாது. அதைக் காட்டினால் யாரும் பயந்துவிடுவார்கள். ஆனால் எல்டிஎல் மட்டும் 250 இருப்பவரின் சீரம் கண்ணாடி மாதிரி தெளிவாகவே இருக்கும். அதிகச் சேதம் செய்வது கண்ணுக்குத் தெரியாத அதுதான்.

வெறும் வயிறு பற்றியும் கேட்பார்கள். முதல் பரிசோதனைக்குச் சாப்பிட்டு வந்தாலும் பரவாயில்லை என்றுதான் அந்த 2024 வழிகாட்டுதலும் சொல்கிறது. ட்ரைகிளிசரைடு ரொம்ப ஏறித் தெரிந்தால் மட்டும் பட்டினியோடு மறுபடி எடுக்கலாம். சர்க்கரை மாத்திரை போட்டுக்கொண்டு காலை பத்து மணி வரை பட்டினியாக நின்று, என் நாற்காலியிலேயே கண் இருட்டி விழப்போனவர்களைப் பிடித்திருக்கிறேன். தயவுசெய்து அப்படி வராதீர்கள்.

எல்டிஎல் எதிர்பாராமல் கூடுதலாக வந்தால், மாத்திரை தொடங்குமுன் தைராய்டு பார்த்தாகிவிட்டதா என்று டாக்டரிடம் கேளுங்கள். தைராய்டு குறைந்தாலே எல்டிஎல் ஏறும்.

## அபோபி: துகள்களின் எண்ணிக்கை

கொலஸ்ட்ரால் ரத்தத்தில் சின்னச் சின்னத் துகள்களில் ஏறித்தான் ஓடுகிறது. எல்டிஎல் எண் சொல்வது அந்தத் துகள்களுக்குள் இருக்கும் கொலஸ்ட்ரால் எவ்வளவு என்பதை. அபோபி சொல்வது துகள்கள் எத்தனை என்பதை. அடைப்பை உண்டாக்கும் ஒவ்வொரு துகளிலும் ஒரே ஒரு அபோபி புரதம்தான் இருக்கும். அதனால் அதை அளந்தால் துகள்களையே எண்ணியது மாதிரி. நெல்லை மூட்டையாக ஏற்றினாலும் சிப்பமாக ஏற்றினாலும் எடை ஒன்றாக இருக்கலாம். ஆனால் மூட்டை நூறு, சிப்பம் இருநூறு. ரத்தக்குழாய்ச் சுவரில் முட்டி உள்ளே நுழைவது துகள்தான், எனவே எண்ணிக்கை முக்கியம்.

சர்க்கரை நோய், தொப்பை, ட்ரைகிளிசரைடு ஏற்றம் இருப்பவர்களிடம் துகள்கள் சிறிதாகவும் அதிகமாகவும் இருக்கும். எல்டிஎல் நல்லபடியாகத் தெரியும், அபோபி மட்டும் உண்மையைச் சொல்லும். நம் ஊர்களில் ஒல்லியான கை கால், நடுவில் தொப்பை என்ற உடல்வாகு எவ்வளவு சகஜம் என்று உங்களுக்கே தெரியும். 52 நாடுகளில் நடந்து 2004இல் வெளியான இன்டர்ஹார்ட் ஆய்விலும், மாரடைப்போடு மிக வலுவாகச் சேர்ந்து வந்தது அபோபிக்கும் அபோ ஏ1க்கும் (எச்டிஎல் துகளில் இருக்கும் புரதம்) உள்ள விகிதம்தான். அதே ஆய்வின் தரவுகளில் தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு சராசரியாக 53 வயதில் வந்தது. மற்ற நாட்டவர்களுக்குக் கிட்டத்தட்ட 59.

சரி, அப்படியானால் எல்லோரும் அபோபி எடுக்க வேண்டுமா? என் கருத்தில் வேண்டாம். நான்-எச்டிஎல் தெளிவாகவே கூடியிருந்தால் செய்ய வேண்டியது அதிலேயே தெரிந்துவிடும். அபோபி எண் வந்து அதை மாற்றப்போவதில்லை. எல்டிஎல் நல்லபடியாக இருந்தும் சர்க்கரையோ ட்ரைகிளிசரைடோ கூடியிருந்தால், அல்லது மாத்திரை சாப்பிட்டு எல்டிஎல் இலக்குக்கு வந்துவிட்டது, இது போதுமா என்று சந்தேகம் இருந்தால், அப்போது இதற்குக் காசு கொடுக்கலாம். ஐரோப்பிய இதயநோய்ச் சங்கத்தின் 2019 வழிகாட்டுதல், மிக அதிக ஆபத்து உள்ளவர்களுக்கு 65க்குக் கீழே, அதிக ஆபத்துக்கு 80க்குக் கீழே, நடுத்தரத்துக்கு 100க்குக் கீழே என்று இலக்கு வைத்திருக்கிறது.

## எல்பி(ஏ): ஒருமுறை எடுத்தால் போதும், ஆனால் எடுங்கள்

பதினோரு பரிசோதனையில் நம் ஆட்கள் தவறவிடுவது இதைத்தான். எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருவதும் இதுதான்.

எல்பி(ஏ) என்பது எல்டிஎல் துகள் மாதிரியே ஒன்று, அதோடு வால் மாதிரி இன்னொரு புரதம் ஒட்டியிருக்கும். நார்வேயில் கோரே பெர்க் 1963இல் கண்டுபிடித்தார். இதன் அளவு கிட்டத்தட்ட முழுக்கப் பரம்பரையால் வருவது. சோற்றைக் குறைத்தாலும் நடந்தாலும் பெரிதாக மாறாது. எல்டிஎல்லைக் குறைக்கிற ஸ்டாட்டின் மாத்திரையும் இதைக் குறைப்பதில்லை. உலகில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு இது கூடுதலாக இருக்கிறது. ரத்தக்குழாய் அடைப்போடு இதயத்தின் பெருந்தமனி வால்வு சுருங்குவதற்கும் இது காரணமாகிறது. ஐரோப்பிய வழிகாட்டுதலும் நம் 2024 வழிகாட்டுதலும் வயது வந்த ஒவ்வொருவரும் வாழ்நாளில் ஒருமுறையாவது எடுக்கச் சொல்கின்றன.

"குறைக்கவே முடியாதுன்னா தெரிஞ்சு என்ன பண்ண?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. முடிவு வந்தால் செய்வது மாறும் என்பதுதான் பதில். எல்பி(ஏ) கூடியிருப்பவருக்கு, மாற்ற முடிகிற மற்ற எல்லாவற்றையும் டாக்டர் இன்னும் இறுக்கிப் பிடிப்பார். எல்டிஎல் இலக்கைக் கீழே இறக்குவார், ஸ்டாட்டினைத் தள்ளிப்போட மாட்டார், பிரஷரை விடமாட்டார். பீடி சிகரெட் இருந்தால் அன்றே நிறுத்த இதைவிடப் பெரிய காரணம் தேவையில்லை. இதையே குறி வைக்கும் பெலாகார்சென், ஒல்பாசிரான் போன்ற மருந்துகளும் பெரிய ஆய்வுகளில் இருக்கின்றன. அப்புறம், உங்களுக்குக் கூடியிருந்தால் உங்கள் பிள்ளைக்கும் கூடியிருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு. ஒருவர் எடுக்கிற பரிசோதனை குடும்பத்துக்கே பயன்படுவது இங்கேதான்.

மறைந்திருக்கும் தொல்லை இரண்டு. ஒன்று, அலகு. சில லேப் மில்லிகிராமில் தரும், சில லேப் நானோமோலில் தரும். 50 மில்லிகிராம் அல்லது 125 நானோமோல் என்பதுதான் வழக்கமான எல்லைக்கோடு. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு ஒரே எண்ணால் பெருக்கி மாற்ற முடியாது, துகளின் அளவு ஆளுக்கு ஆள் மாறும். ரிப்போர்ட்டில் எண்ணுக்குப் பக்கத்தில் உள்ள அலகையும் சேர்த்துப் படியுங்கள். இரண்டு, பெயர். அபோ ஏ1 வேறு, எல்பி(ஏ) வேறு. கவுண்டரில் 'லிப்போ ஏ' என்று சொல்லி, அபோ ஏ1 பில் போட்டுக்கொண்டு வந்தவர்கள் உண்டு. ஊசிக்கு முன்பே பில்லைச் சரிபாருங்கள்.

## எச்எஸ்-சிஆர்பி: கவனமாக எடுக்க வேண்டியது

உடம்பில் அழற்சி இருந்தால் ஏறும் புரதம் இது. காய்ச்சலுக்கு எடுக்கும் சாதாரண சிஆர்பி இதற்கு உதவாது. இதயத்துக்கு நுண்ணளவைப் பார்க்கும் எச்எஸ் வகைதான் வேண்டும். லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குக் கீழே குறைந்த ஆபத்து, 1 முதல் 3 நடுத்தரம், 3க்கு மேல் அதிகம். 10ஐத் தாண்டினால் வேறு எங்கோ தொற்று இருக்கிறதா என்று பார்த்து, அது தீர்ந்தபின் மறுபடி எடுக்க வேண்டும்.

மரபணு ஆய்வுகளைப் பார்த்தால் சிஆர்பி தானே அடைப்பை உண்டாக்குவதில்லை. அழற்சி எரிகிறது என்பதைக் காட்டும் புகை அது. ஆனால் அந்தப் புகையை லேசாக நினைக்க முடியாது. அமெரிக்காவில் 27,939 பெண்களை 30 வருடம் பின்தொடர்ந்த ஆய்வு 2024இல் வெளிவந்தது. சிஆர்பி அளவில் மேல் ஐந்தில் ஒரு பங்கினருக்கு, கீழ் ஐந்தில் ஒரு பங்கினரைவிட மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை 70 சதவீதம் கூடுதல். எல்டிஎல்லுக்கு அது 36 சதவீதம்தான். 2008இல் வந்த ஜூபிட்டர் ஆய்விலும், எல்டிஎல் 130க்குக் கீழே இருந்து சிஆர்பி 2க்கு மேல் இருந்த 17,802 பேரில், ரோசுவாஸ்டாட்டின் என்ற ஸ்டாட்டின் மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு மாரடைப்பு வெகுவாகக் குறைந்தது.

ஆக, டாக்டரே "மாத்திரை தொடங்கலாம், கொஞ்ச நாள் பார்க்கவும் செய்யலாம்" என்று நடுவில் நிற்கிறார் என்றால் இந்த எண் ஒரு பக்கம் சாய்க்கும். ஏற்கெனவே சர்க்கரை இருந்து ஸ்டாட்டின் சாப்பிடுகிறவருக்கு அவ்வளவு அவசரமில்லை. டெங்கு சீசனில், பல் பிடுங்கிய வாரத்தில், மூட்டுவலி ஏறிய நேரத்தில் எடுக்கவே வேண்டாம். அப்படி வந்த ஒரு 14ஐ வைத்துக்கொண்டு எக்கோ, ட்ரெட்மில் என்று அலைந்த குடும்பத்தை எனக்குத் தெரியும். கடைசியில் அந்த அம்மாவுக்கு இருந்தது சிறுநீர்த் தொற்று.

## ஹோமோசிஸ்டீன், மற்றவை

ஹோமோசிஸ்டீன் ரத்தத்தில் இருக்கும் ஓர் அமினோ அமிலம். 1969இல் கில்மர் மெக்கல்லி என்ற மருத்துவர் அதற்கும் ரத்தக்குழாய்ச் சேதத்துக்கும் தொடர்பு சொன்னார். பெரிய நம்பிக்கை பிறந்தது. பி வைட்டமின் கொடுத்து அதைக் குறைத்தும் பார்த்தார்கள். 2006இல் நார்விட், ஹோப்-2 என்ற இரு ஆய்வுகளிலும் அளவு குறைந்தது, மாரடைப்பு குறையவில்லை. நம் ஊரில் சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு பி12 குறைந்து இது ஏறுவது சாதாரணம். அதற்கு நேராக பி12 பார்த்துக்கொள்ளலாம்.

எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டுவது) எல்லா பேக்கேஜிலும் இருக்கும், இருக்கட்டும். சர்க்கரை இருப்பது தெரிந்தாலே இதயக் கணக்கு மொத்தமும் மாறிவிடும். இரும்புச்சத்துக் குறைவான ரத்தசோகை இருந்தால் இது கொஞ்சம் கூட்டிக் காட்டும், அவ்வளவுதான். பிரஷர், சர்க்கரை பார்ப்பதற்குத் தனிக்காசு கொடுக்கவும் தேவையில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பார்க்கலாம், 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே வந்தும் பார்க்கிறார்கள்.

ட்ரோபோனின் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். இதயத் தசை சேதமானால் ரத்தத்தில் கசியும் புரதம் அது. நெஞ்சுவலியோடு வந்தவருக்கு ஆஸ்பத்திரியில் எடுப்பது. ஒரு நாள் காலை ஏழு மணிக்கு ஒரு பெரியவர் சட்டையெல்லாம் வேர்வையோடு வந்து, "நெஞ்சு பாரமா இருக்கும்மா, கொழுப்பு டெஸ்ட் எடு" என்று கையை நீட்டினார். நான் ஊசியை எடுக்கவில்லை, 108ஐக் கூப்பிட்டேன். நெஞ்சு அழுத்துகிறது, இடது கையிலோ தாடையிலோ வலி இறங்குகிறது, வேர்க்கிறது என்றால் எந்த லேபுக்கும் போகாதீர்கள்.

## ரத்தம் சொல்லாதது

ரத்தம் குழாயில் என்ன ஓடுகிறது என்று சொல்லும். சுவரில் ஏற்கெனவே என்ன படிந்திருக்கிறது என்று சொல்லாது. அதைப் பார்க்க சிடியில் எடுக்கும் கால்சியம் ஸ்கோர் உண்டு. நாற்பதைத் தாண்டி, ரத்த எண்களை வைத்து முடிவுக்கு வர முடியாதவர்களுக்கு டாக்டர் எழுதுவார். கொஞ்சம் கதிர்வீச்சு உண்டு, செலவும் ஆயிரக்கணக்கில். இளவயதுக்காரருக்கு ஸ்கோர் பூஜ்யம் வந்தாலும் சுண்ணாம்பு ஏறாத மெத்தென்ற படிவு இருக்கலாம் என்பதை மறக்கக் கூடாது.

## அப்படியானால் எதை எடுப்பது?

வயது 30 தாண்டியது, எந்த நோயும் இல்லை, குடும்பத்திலும் இல்லை: லிப்பிட் ப்ரொஃபைல், சர்க்கரை, பிரஷர். நான்-எச்டிஎல்லை நீங்களே கழித்துப் பாருங்கள். கையில் காசு இருந்தால் எல்பி(ஏ) ஒருமுறை.

அப்பாவுக்கோ அண்ணனுக்கோ 55 வயதுக்கு முன்பு, அல்லது அம்மாவுக்கோ அக்காவுக்கோ 65 வயதுக்கு முன்பு மாரடைப்பு வந்திருந்தால்: லிப்பிட்டோடு எல்பி(ஏ) கட்டாயம். மற்றதெல்லாம் அப்புறம்.

சர்க்கரை, தொப்பை, ட்ரைகிளிசரைடு: எல்டிஎல் நல்லபடியாக வந்தாலும் நான்-எச்டிஎல் பாருங்கள். இரண்டும் வேறு வேறு கதை சொன்னால் அபோபி.

ஏற்கெனவே ஸ்டென்ட் வைத்தவர்கள்: புதுப் புதுப் பரிசோதனை தேடுவதைவிட, எல்டிஎல் 55க்குக் கீழே வந்துவிட்டதா என்று ஒழுங்காகப் பார்ப்பது முக்கியம். எல்பி(ஏ) இதுவரை எடுக்காவிட்டால் பிள்ளைகளுக்காகவாவது எடுங்கள்.

விசைத்தறிக்காரர் பிளாட்டினத்தை விட்டுவிட்டு லிப்பிட், எச்பிஏ1சி, எல்பி(ஏ) மூன்று மட்டும் எடுத்தார். எல்டிஎல் 128, எச்பிஏ1சி 5.6, எல்பி(ஏ) 148 நானோமோல். ரிப்போர்ட்டை டாக்டரிடம் காட்டி அன்றே மாத்திரை தொடங்கினார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் தம்பியோடும் கல்லூரியில் படிக்கும் மகளோடும் வந்து வரிசையில் உட்கார்ந்திருந்தார். மகள்தான் முதலில் கையை நீட்டினாள். டியூபில் பெயரை எழுதும்போது, "எங்க தாத்தாவுக்கு இது இருந்திருக்குமா அக்கா?" என்று கேட்டாள். இருந்திருக்கலாம் என்றேன்.